கிளிப் போட்ட கடைசி அத்தியாயம்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? நான் அனுப்பிய ஸ்வெட்டரைப் போடுகிறாயா, இல்லை பெட்டியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. போன மாதச் சண்டை எதற்கு என்று எனக்கே இப்போது ஞாபகமில்லை. அதனால் இனிமேல் கடிதம்தான். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. உனக்கு அதுதான் சரி.

நேற்று முப்பத்திரண்டாம் அத்தியாயத்துக்கு நீ நம் நாவல் வாசிப்புக் குழுவில் போட்ட குறிப்பைப் படித்தேன். சுமாராக இருந்தது. வழக்கம்போல என்னை "டீச்சரம்மா" என்று கிண்டல் செய். மாமா என்னைக் கேலி செய்கிறார். "நாப்பத்தோரு பேர் கம்ப்யூட்டர்ல கூடி ஒரே கதையை வாரத்துக்கு ஒரு அத்தியாயமா ஒன்றரை வருஷம் படிக்கிறீங்க. பல்லு போன ஆளுகூட இதைவிட வேகமா முறுக்குத் தின்பான்" என்கிறார். அவருக்குத் தையல் மெஷினைத் தவிர வேறென்ன தெரியும்?

குழுவை நடத்தும் மருந்துக்கடைக்காரர் போட்டிருக்கும் ஒரே சட்டம் உனக்காகவே போட்டதுபோல இருக்கிறது: யாரும் முன்னே போகக் கூடாது. உன் ஒன்பது வயதில் இதே நாவலை நான் உனக்கு வாசித்துக் காட்டும்போது, நான் தண்ணீர் குடிக்க எழுந்தால் போதும், கடைசிப் பக்கத்தைப் புரட்டப் பார்ப்பாய். என் தலைக் கிளிப்பைக் கழற்றிக் கடைசி அத்தியாயத்துக்குப் பூட்டுப் போட வேண்டியிருந்தது. அப்புறம் உனக்குப் பரீட்சை என்று அப்பா புத்தகத்தை நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். ஊரைவிட்டுப் போன மகனுக்காகப் படகுக்காரி காத்திருந்த அந்தப் படகுத்துறை மணி கடைசியில் அடித்ததா இல்லையா என்று தெரியாமல் நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை.

இருபத்தெட்டு வருடம் ஆகிறது. எனக்கும் தெரியாது. நீ இல்லாமல் எப்படிப் படிப்பது?

உன் அக்கா

*

பிப்ரவரி 2

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், நம்பு. மாமாவுக்கு என் வணக்கம். முறுக்கு உவமையைக் குழுவில் போட்டுவிடட்டுமா என்று கேள்.

நான் எங்கே உட்கார்ந்து படிக்கிறேன் தெரியுமா? பதினெட்டாவது மாடிக்கு மேலே, லிஃப்ட் மோட்டார் அறையில். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பக்கம், இரண்டு பக்கம். கீழே யாராவது பொத்தானை அழுத்தினால் மோட்டார் உறுமும். படகுக்காரி கதையில் அக்கரையில் யாராவது மணி அடித்தால் அவள் படகை எடுப்பாளே, அதேதான் நானும் என்று சிரித்துக்கொள்வேன். குழுவில் எனக்கு "லிஃப்ட்காரர்" என்றே பெயர். உனக்கு "எக்ஸ்ரே அக்கா"வாம். உள்ளே இருப்பதையெல்லாம் பார்த்துவிடுகிறாய் என்று நம் குழு அகராதிக்காரர் எழுதியிருந்தாரே, பார்த்தாயா?

இரண்டு வருடம் இந்த நாட்டை விட்டு ஒரு நாள்கூட வெளியே போகாமல் இருந்தால்தான் எனக்கு இங்கேயே தங்க நிரந்தரத் தாள் கிடைக்கும். செப்டம்பர் பதினைந்தோடு அந்த இரண்டு வருடம் முடிகிறது. இடையில் போனால் மறுபடி முதலிலிருந்து. தாள் வந்தால் பாப்பாவையும் அவள் அம்மாவையும் அழைத்துக்கொள்ளலாம். பாப்பாவுக்கு ஆறு வயது முடியப்போகிறது. "எங்கப்பா போனுக்குள்ள இருக்கார்" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறாள்.

நாவலும் அக்டோபரில்தான் முடிகிறது. கடைசி அத்தியாயத்தை உன் பக்கத்தில் உட்கார்ந்து நான் வாசித்துக் காட்டுகிறேன். இந்தமுறை நான் வாசிக்க, நீ கேட்கணும். அதுவரை நான் புரட்ட மாட்டேன், நீயும் புரட்டக் கூடாது. சத்தியம்.

உன் அவசரக்குடுக்கை

*

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தை மாமா இரண்டுமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். முறுக்கை விட்டுவிடச் சொன்னார்.

சத்தியம். நானும் புரட்ட மாட்டேன்.

எங்கள் எக்ஸ்ரே அறைக்குப் புது மெஷின் வந்திருக்கிறது. படம் சரியாக விழுகிறதா என்று பார்க்க யாராவது நிற்க வேண்டும். வேறு யார், நான்தான் நின்றேன். இருபத்து மூன்று வருடமாக ஊரையெல்லாம் "மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க" என்று சொன்னவளிடம் ஒரு சின்னப் பெண் அதையே சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படம் நன்றாகத் தெளிவாக விழுந்திருந்தது. அந்தப் பெண் அதைத் திரையிலிருந்து எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான்தான் "போதும்மா, அடுத்த ஆளைக் கூப்பிடு" என்றேன்.

உன் தாள் செப்டம்பர் பதினைந்துதானே? தேதி மாறாதே?

இன்னொன்று. குறிப்பை முன்கூட்டியே எழுதி, இந்த நாள் இந்த மணிக்குப் போ என்று சொல்லி வைத்தால் அதுவே குழுவில் போய் விழுமாமே. அது எப்படி? எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் டியூட்டி வருகிறது. தவறவிட மனமில்லை.

உன் அக்கா

*

மார்ச் 20

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நலம். உனக்கு ஞாயிறு டியூட்டி போட்ட புண்ணியவானுக்கு என் கண்டனம்.

குறிப்பை எழுதியதும் "அனுப்பு" என்று இருக்கிறதல்லவா, அதை உடனே அழுத்தாதே. பக்கத்தில் கடிகாரப் படம் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் தேதியும் மணியும் கேட்கும். ஞாயிறு காலை ஆறு மணி என்று போடு. அப்புறம் நீ எங்கே இருந்தாலும் கவலையில்லை, தானே போய் விழும். எத்தனை வேண்டுமானாலும் வரிசையாக வைத்துக்கொள்ளலாம். தனித்தாளில் படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன். சந்தேகம் வந்தால் என்னைக் கேள், மாமாவைக் கேட்காதே, கம்ப்யூட்டருக்கும் பட்டன் காஜா எடுத்துவிடுவார்.

ஒரு தடவை போன் பண்ணட்டுமா? உன் குரலைக் கேட்கணும்போல இருக்கிறது. சண்டை போட மாட்டேன்.

உன் அவசரக்குடுக்கை

*

மே 9

அன்புள்ள தம்பிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நலம்தான். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, ஒரு ஊசி போட்டார்கள், கை வலிக்கிறது.

நீ வரைந்து அனுப்பிய படம் பிரமாதம். ஒரே தடவையில் புரிந்துவிட்டது.

போன் வேண்டாம்டா. தொண்டை கட்டியிருக்கிறது. காக்காய் கத்துவதுபோல இருக்கும், அதையும் நீ கேலி செய்வாய். கடிதமே போதும்.

இரண்டு நாளாக அப்பா ஞாபகமாக இருக்கிறது. அவர் படுத்தபோது நீ எல்லாவற்றையும் போட்டது போட்டபடி ஓடி வந்தாய். நீ வந்து வாசலில் நின்றபோது அவர் சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "நீ எதுக்குடா வந்த?" என்று கேட்டாரே, உன் மூஞ்சியை அன்றைக்குப் பார்க்கணும். அதற்குப்பிறகு ஒன்றரை வருடம் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். நீதான் அதற்கும் அவர் காரியத்துக்குமாக இரண்டு தடவை முதலிலிருந்து ஆரம்பித்தாய். இப்போதும் யாராவது எதையாவது சொன்னால் அப்படி ஓடி வந்துவிடாதே. ஓடி வருகிற ரத்தம் உனக்கு, எனக்குத் தெரியும்.

பாப்பாவுக்குப் பல் விழுந்ததா? எழுது. பாப்பாவைப் பற்றி நிறைய எழுது.

உன் அக்கா

*

ஜூன் 15

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நலம். உன் கை சரியாகிவிட்டதா? தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி.

பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. போனில் சிரித்தால் ஓட்டை வழியாக நாக்கை நீட்டிக் காட்டுகிறாள். "அப்பா, நான் வரும்போது பல்லு முளைச்சிருக்கும், என்னை அடையாளம் தெரியுமா?" என்று கேட்டாள். அன்றைக்கு முழுவதும் வேலை ஓடவில்லை.

அக்கா, உண்மையைச் சொல்கிறேன். இப்போது குழுவிலேயே உன் குறிப்புகள்தான் முதல்தரம். போன வாரம் படகுக்காரி துடுப்புக்கு எண்ணெய் போடுகிற இடத்தைப் பற்றி, "போனவன் வருவான் என்று நம்புகிறவள் அழ மாட்டாள், எண்ணெய் போடுவாள்" என்று எழுதியிருந்தாயே. மோட்டார் அறையில் உட்கார்ந்து படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தேன், கன்னமெல்லாம் கிரீஸ்.

ஆனால் நீ ஏன் யாருக்கும் பதில் போடுவதில்லை? அகராதிக்காரர் உன்னிடம் மூன்று கேள்வி கேட்டு வைத்திருக்கிறார். பெரிய ஆளாகிவிட்டாயோ? எனக்கென்ன, ஞாயிறு ஆறு மணிக்கு உன் குறிப்பு வந்து விழுந்துவிட்டால் போதும். அக்கா நல்லா இருக்கா என்று அந்த வாரத்துக்கு நிம்மதி.

உன் அவசரக்குடுக்கை

*

ஜூலை 18

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

பல் ஓட்டையைப் படித்துச் சிரித்தேன். மாமா பாப்பாவுக்கு ஒரு கவுன் தைத்திருக்கிறார். கொஞ்சம் பெரிய அளவாக, வளர்வாள் என்று.

கடைசி அத்தியாயத்துக்குக் கிளிப் போட்டு வைத்திருக்கிறேன். அது நம் இரண்டு பேருக்கு.

அக்கா

*

ஆகஸ்ட் 4

அக்காவுக்கு,

நலமெல்லாம் இருக்கட்டும். எனக்குக் கோபம் தலைக்கேறியிருக்கிறது. சண்டை போடவே எழுதுகிறேன்.

மருந்துக்கடைக்காரருக்குக் காய்ச்சல், இந்த வாரம் யாரும் நகர வேண்டாம், எல்லாரும் அறுபதாம் அத்தியாயத்திலேயே நில்லுங்கள் என்று எல்லாருக்கும் சொன்னார். நாற்பது பேரும் நின்றார்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு உன் குறிப்பு மட்டும் அறுபத்தொன்றாம் அத்தியாயத்தைப் பற்றி வந்து நிற்கிறது! படகுக்காரியின் புருஷன் வெள்ளத்தில் போய்விடுகிறான் என்று போட்டு உடைத்துவிட்டாய். ஒரு வருடத்துக்குமேல் ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர்களைப் பிடித்துத் தள்ளியதுபோல ஆகிவிட்டது. அகராதிக்காரர் குழுவை விட்டே போகிறேன் என்கிறார்.

என்னை அவசரக்குடுக்கை என்று இருபத்தெட்டு வருடமாகச் சொல்கிறாயே, இப்போது யார் அவசரக்குடுக்கை? அப்படி என்ன உனக்குத் தலைபோகிற அவசரம்? சத்தியத்துக்கு மதிப்பில்லையா? கடைசி அத்தியாயத்தையும் முடித்திருப்பாய். இல்லை என்று சொல்லு பார்ப்போம்.

பதில் எழுது.

தம்பி

*

ஆகஸ்ட் 31

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? என் கடிதம் சுட்டுவிட்டது போல. மன்னித்துவிடு. எழுதித் தபாலில் போட்ட மறுநாளே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒரு கதைக்காக அக்காவிடம் இப்படியா பேசுவான் ஒருத்தன்?

உன் குறிப்புகள் இன்னும் ஒரு வாரம் முந்தியேதான் வருகின்றன. மருந்துக்கடைக்காரர் அதை மறைத்து வைத்து அடுத்த வாரம் வெளியே விடுகிறார். உனக்குத் தகவல் அனுப்பினாராம், பதில் இல்லையாம். என்மேல் கோபம் என்றால் என்னிடம் காட்டு, அவர் பாவம். உன் குறிப்புக்குக் கீழே நானும் மூன்று ஞாயிறாக வம்புக்கு இழுத்துப் பார்க்கிறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறாய்.

முந்தாநாள் பொறுக்க முடியாமல் போன் செய்தேன். மாமா எடுத்தார். "அக்காகிட்ட குடுங்க மாமா" என்றேன். போனை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "நல்லாத் தூங்குறா மாப்பிள்ளை, எழுப்ப வேணாம்" என்றார். சரி, தூங்கட்டும்.

அக்டோபர் ஒன்றாம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். மாலை வீட்டில் இருப்பேன். கிளிப்பை எடுத்திருந்தாலும் பரவாயில்லை அக்கா. திரும்பப் போட்டு வை. எடுக்கவே இல்லை என்று நான் நம்பிக்கொள்கிறேன்.

உன் அவசரக்குடுக்கைதான், வேறு யார்

*

செப்டம்பர் 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. இது உங்கள் கைக்கு வரும்போது பதினைந்தாம் தேதி தாண்டியிருக்கும். நாள் பார்த்துத்தான் தபாலில் போடுகிறேன்.

உங்கள் அக்கா ஆகஸ்ட் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டாள்.

மார்ச்சில் நுரையீரலில் கண்டுபிடித்தார்கள். அவர்கள் எங்கே, அவளே கண்டுபிடித்தாள். அவள் படத்தை அவளே பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, "ஏழெட்டு மாசம் இருந்தா அதிகம். தம்பிகிட்ட சொல்லாதீங்க. சொன்னா ஓடி வந்துடுவான், மறுபடி எல்லாம் போயிடும், அந்தக் குழந்தை இன்னும் ரெண்டு வருஷம் போனையே பார்த்துக்கிட்டிருக்கும்" என்றாள். என் தலைமேல் கைவைத்துச் சத்தியம் வாங்கினாள். உங்கள் வீட்டில்கூட நான் சொல்லவில்லை. திட்டுவார்கள், திட்டட்டும்.

ஏப்ரலிலும் மேயிலும் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தைப் படித்துப் படித்து எழுதினாள். கை நடுங்கும்போது அவள் சொல்ல நான் ஒரு விரலால் தட்டினேன். ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒன்று. "நான் எழுதலைன்னா அவனுக்குச் சந்தேகம் வந்துடும்" என்பாள். நீங்கள் வரைந்த படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். குழு ஒரு வாரம் நிற்கும் என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை. நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

நீங்கள் கோபமாக எழுதிய கடிதம் அவள் போவதற்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. குரல் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. படிக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் படித்துக் காட்டினேன். சிரித்தாள் மாப்பிள்ளை. தோள் குலுங்கச் சிரித்தாள். அப்புறம் என்னிடம் பென்சில் வாங்கி எழுதினாள்: "அவனுக்குத் தெரியல. அப்ப நான் நல்லாத்தான் எழுதியிருக்கேன்." அந்தத் தாளை வைத்திருக்கிறேன்.

கடைசி அத்தியாயத்தை அவள் படிக்கவில்லை. "நான் படிச்சுக் காட்டறேன், அவனுக்கு எப்படித் தெரியப்போகுது?" என்று கேட்டுப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டாள். கிளிப் போட்டது போட்டபடி இருக்கிறது.

நீங்கள் போன் செய்தபோது தூங்குகிறாள் என்றேன். வேறு வார்த்தை வாயில் வரவில்லை. நீங்கள் எழுதிய அடுத்த கடிதம் இன்று வந்தது. அவள் பெயருக்கு வந்தது, நான் பிரிக்கவில்லை.

மாமா

*

செப்டம்பர் 17

மாமாவுக்கு,

தாள் நேற்றுக் காலை கைக்கு வந்தது. உங்கள் கடிதம் நேற்று மாலை வந்தது. மோட்டார் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தச் சத்தத்தில் எவ்வளவு அழுதாலும் வெளியே கேட்காது.

உங்கள்மேல் எனக்கு ஆத்திரம் இருக்கிறது மாமா. மறைக்க மாட்டேன். தாள் வேண்டுமா அக்கா வேண்டுமா என்று என்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. ஐந்து ஞாயிறு, செத்துப்போனவளோடு சண்டை போட்டிருக்கிறேன். "என்ன அக்கா, வாயில் கொழுக்கட்டையா?" என்று ஒரு ஞாயிறு எழுதினேன். குழுவே அதற்குச் சிரித்தது.

கடிகாரப் படத்தை அழுத்து என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். எத்தனை வேண்டுமானாலும் வரிசையாக வைத்துக்கொள்ளலாம் என்றும் நான்தான் சொன்னேன்.

அவளை இரண்டு கையாலும் தூக்கி உட்கார வைத்திருப்பீர்கள், தனியாக. அதை நினைத்தால் உங்களைத் திட்டவும் வரவில்லை. ஒன்றாம் தேதி வருகிறேன். கிளிப்பைத் தொடாதீர்கள்.

மாப்பிள்ளை

*

அக்டோபர் 4, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரித்துத்தான் நாம் எப்போதும் ஆரம்பிப்போம். இந்தமுறை அதை எழுத முடியவில்லை.

உன் அறையில் இருக்கிறேன். தலையணை மூன்றும் அப்படியே இருக்கின்றன. என் படம் சுவரில் இருக்கிறது, ஓரத்தில் நீ பென்சிலால் "கெட்டிக்காரன்" என்று எழுதியிருக்கிறாய். என் முகத்துக்கு நேரே ஒருநாளும் அதைச் சொன்னதில்லை நீ. பாப்பாவுக்குத் தைத்த கவுன் பெட்டியில் இருக்கிறது. அடுத்த மாதம் அவளும் அவள் அம்மாவும் என்னோடு வருகிறார்கள்.

மருந்துக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் எல்லாருக்கும் சொன்னார். அகராதிக்காரர் உன்னிடம் கேட்டு வைத்திருந்த மூன்று கேள்வியையும் அழித்துவிட்டார். உன் குறிப்புகளை இனி மறைக்க வேண்டாம், வருகிறபடி வரட்டும் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள்.

இன்று காலை நானும் மாமாவும் உன் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். எத்தனை எழுதினாள் என்று அவருக்கும் சரியாகத் தெரியவில்லை. போன வாரத்தோடு முடிந்திருக்கும் என்றுதான் நினைத்தோம். ஆறு மணிக்கு வந்தது. உன் கடைசிக் குறிப்பு.

"எழுபதாம் அத்தியாயம். இதை நான் இன்னும் படிக்கவில்லை. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். அவன் வாசித்ததும் எழுதுகிறேன்."

மாமா எழுந்து வெளியே போய்விட்டார். நான் கிளிப்பை எடுத்தேன். அது பக்கத்தில் பதிந்து இரண்டு கோடு விழுந்திருக்கிறது. கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தேன்.

நாலே பக்கம் அக்கா. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் எந்த நாள் வேண்டுமானாலும் போனில் வாசித்திருக்கலாம், சண்டை வருவதற்குள் முடிந்திருக்கும்.

மணி அடிக்கிறது. படகுக்காரி கிழவியாகிவிட்டாள், அக்கரையில் நிற்பது யார் என்று அவளுக்குக் கண் தெரியவில்லை. போன மகனா, வழிப்போக்கனா, காற்றா, புத்தகம் சொல்லவே இல்லை. அவள் துடுப்பை எடுக்கிறாள். அதோடு முடிந்துவிடுகிறது. நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன், வெறும் தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ இருந்தால் சொல்லியிருப்பாய்.

நான் வாசித்துவிட்டேன் அக்கா. எழுதுகிறேன் என்று சொன்னாயே, எழுது.

உன் அவசரக்குடுக்கை